யாருக்காக நிக்குது இந்த வண்டி

பச்சை பென்சில் கையில, முட்டி ரெண்டும் தரையில. நாலு மீட்டர் நீளத் தாள ரயில்வே சார்ட் ரூம் தரையில விரிச்சு, மூலைக்கு ஒரு பஞ்சிங் மெஷின வெச்சு அமுக்கி, அது மேலயே ஏறி உக்காந்துக்கிட்டு அவ ஒரு கோடு இழுத்தா. ஒரே இழுப்பு. கீழ இருந்து மேல, கிட்டத்தட்ட நேரா, அப்படியே பறந்துடும்போல. இழுத்துட்டு ரெண்டடி தள்ளிப் போய் நின்னு பாத்தா. அப்பப்பா, என்னா ஒரு கோடு! ஆபீஸ்ல எல்லாரும் அவள ‘கோடு’ன்னுதான் கூப்பிடுவாங்க, சொந்தப் பேரு கழுத்துல தொங்குற அட்டையில மட்டும்தான் இருக்கு. கூப்பிடுறவங்க கிண்டலாத்தான் ஆரம்பிச்சாங்க. அவளுக்கு அது பட்டம் குடுத்த மாதிரி ஆயிடுச்சு.

டைம்டேபிள்னா ஸ்டேஷன் சுவத்துல ஒட்டியிருக்குமே கட்டம் போட்ட பட்டியல், அது கடைசியா வர்ற சமாச்சாரம். அதுக்கு முன்னாடி அது ஒரு படம். குறுக்க மணி, நெடுக்க ஸ்டேஷன். ஒவ்வொரு வண்டியும் ஒரு கோடு. வேகமா ஓடுனா கோடு நிமிந்து நிக்கும், மெதுவா ஓடுனா சாயும், எங்கயாவது நின்னுடுச்சுன்னா அங்க அப்படியே படுத்துக்கும். எக்ஸ்பிரஸ் சிவப்பு, பாசஞ்சர் நீலம், சரக்கு வண்டி பழுப்பு. ஒரு சிவப்பு நீலத்தத் தாண்டணும்னா நீலம் பக்கத்து லைன்ல ஒதுங்கிப் படுத்துதான் ஆகணும். கம்ப்யூட்டரே எல்லாத்தையும் போட்டுக் குடுத்துடும், கையால போடணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல. ஆனா அவளுக்குத் தாள்ல பாத்தாத்தான் வண்டி ஓடுற சத்தம் கேக்கும்.

இந்தப் பச்சைக் கோடு இன்னும் பொறக்காத வண்டி. நாட்டோட இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் அதிவேக ரயில் போடலாமா வேணாமான்னு ஒரு வருஷமா எல்லாரும் மண்டைய உடைச்சுக்கிட்டு இருக்காங்க. முடி வெட்டுற எடத்துல பாதித் தலையோட எந்திரிச்சு சண்டை போடுறாங்க. பதினோரு மணி நேரம் ரெண்டே முக்காலா ஆயிடும்ங்கறான் ஒருத்தன். இருக்குற வண்டியில கக்கூஸ் கதவு சாத்த மாட்டேங்குது, மொதல்ல அதப் பாருங்கறான் இன்னொருத்தன். ரெண்டு பேரு சொல்றதும் நெசம், அதான் தொல்லையே. முடிவெடுக்குறதுக்கு முன்னாடி ஊர் ஊரா மக்கள்கிட்ட கருத்துக் கேக்குறாங்க. இந்த ஊருக்கு வர்ற சனிக்கிழமை. சார்ட் ஆபீஸுக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருக்காங்க, நான் பேசுறேன்னு மொதல்ல கையத் தூக்குனது கோடுதான். வயசு இருபத்தாறு. இந்த வண்டி ஓடணும், அவ்ளோதான், வேற எதுவும் மண்டையில ஏறாது. அவ வாதம் ரொம்ப சிம்பிள். வேகமான வண்டியெல்லாம் புதுப் பாதைக்குப் போயிடும், பழைய பாதை காலியாகும், ஒதுங்கி ஒதுங்கி நின்ன பாசஞ்சரெல்லாம் இனி நிக்காம ஓடும். பணக்காரங்களுக்குத்தான் இந்த ரயிலுன்னு சொல்றவங்க வாய அடைக்க இது ஒண்ணு போதும்.

அதுக்கு ஒரு உதாரணம் வேணும்ல. அம்மா போற வண்டியையே எடுத்துக்கிட்டா. காலையில அஞ்சு நாப்பதுக்கு இங்க இருந்து கெளம்பி, எழுவது கிலோமீட்டர் தள்ளி இருக்குற பெரிய ஊருக்குப் போற பாசஞ்சர். போறவங்க அதுக்கு வெச்ச பேரு நத்தை. நாலாவது ஸ்டேஷனுக்கு ஆறு முப்பத்தொண்ணுக்குப் போய் ஓரமா ஒதுங்கும். ஆறு அம்பதுக்குத்தான் கெளம்பும். பத்தொம்பது நிமிஷம், எக்ஸ்பிரஸ்ஸுக்கு வழி விடுறதுக்காக. அந்த எடத்துல சிவப்பக் காட்டி, ‘பாருங்க, இது இனிமே இங்க இருக்காது’ன்னு கூட்டத்துக்கு முன்னாடியே அழிக்கணும். கூட்டம் கை தட்டணும். பிளான் இதான். சிவப்பு எங்க இருக்குன்னு தேடுனா. ஆறு முப்பத்தொண்ணுல இருந்து ஆறு அம்பது வரைக்கும் வெரலால தடவிக்கிட்டே போனா. நீலம் பாட்டுக்குப் படுத்திருக்கு. அதத் தாண்டி எதுவும் போகல. வெறும் வெள்ளைத் தாள்.

பிரிண்ட் சரியா விழலபோலன்னு கம்ப்யூட்டர்ல போய்ப் பாத்தா. அங்கயும் வெள்ளை. பழைய ஃபைல ஒவ்வொண்ணாத் தெறந்தா. மூணு வருஷத்துக்கு முந்துன படத்துல சிவப்பு இருக்கு, ஆறு நாப்பத்தி நாலுக்கு நத்தையத் தாண்டி ஜம்முனு போகுது. அதுக்கடுத்த வருஷம் அந்த எக்ஸ்பிரஸ்ஸ ஒரு மணி நேரம் முன்னாடி நகத்தியிருக்காங்க. இப்பல்லாம் நத்தை இங்க கெளம்பி மூச்சு வாங்குறதுக்குள்ள அது நாலாவது ஸ்டேஷனத் தாண்டியே போயிடுது. அப்போ நத்தை? நத்தை மட்டும் அதே எடத்துல படுத்திருக்கு. ஏன்னா புது டைம்டேபிள் போடுறப்போ யாரும் வெத்துத் தாள்ல இருந்து ஆரம்பிக்கிறதில்ல. போன வருஷத்துப் படத்த அப்படியே நகலெடுத்துட்டு, எந்த வண்டிய மாத்தச் சொல்லிக் கடிதம் வந்திருக்கோ அந்தக் கோட்ட மட்டும் நகத்துவாங்க. எக்ஸ்பிரஸ்ஸுக்குக் கடிதம் வந்துச்சு, நகத்துனாங்க. நத்தைய எழுப்பி விடுங்கன்னு யாரும் கடிதம் எழுதல. நகலெடுத்தவங்க கையெழுத்து படத்துக்கு அடியில இருக்கும். ரெண்டு வருஷமும் அவ கையெழுத்துதான். நல்லா சுழிச்சு, அடியில ஒரு கோடு வேற போட்டிருக்கா.

குறிச்ச நேரத்துக்கு முன்னாடி வண்டிய விட எந்த ஸ்டேஷன் மாஸ்டருக்கும் அதிகாரம் கெடையாது. அதனால அவரும் விடல. உள்ள உக்காந்திருக்குற எட்டுப் பெட்டி ஜனமும், பின்னால ஏதோ வண்டி வருதாம்னு சொல்லிக்கிட்டு எறங்கி நின்னு காலை நீட்டி மடக்கிட்டு இருந்திருக்காங்க. எப்பவாவது எதிர்ப் பக்கத்துல ஒரு சரக்கு வண்டி கடகடன்னு போகும். அதப் பாத்து, அதோ அதுக்குத்தான் நின்னோம்னு அவங்களே பதிலும் சொல்லிக்கிட்டாங்க. ரெண்டு வருஷம். அம்மா அதுல ஒரு ஆளு.

அவளோட தலைவர் பக்கத்து ரூம்ல இருந்தாரு. காதுல எப்பவும் ஒரு அழிரப்பர் பொருத்தின பென்சில் சொருகியிருக்கும், அதனால அவரு ரப்பர் சார். அவரக் கூட்டிட்டு வந்து குனிய வெச்சுக் காட்டுனா.

"சார், இந்த வண்டி யாருக்காக சார் நிக்குது?"

அவரு கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டுப் பாத்தாரு. எறக்கிட்டுப் பாத்தாரு. "அட."

"அவ்ளோதானா சார்? அடவா?"

"வேற என்னம்மா சொல்லச் சொல்ற? நகல்ல விட்டுப் போச்சு. நான் பாக்கல, நீ பாக்கல, எனக்கு மேல கையெழுத்துப் போட்டவரும் பாக்கல. மூணு வாரத்துல சின்னத் திருத்தம் ஒண்ணு வருதுல்ல, அதுல சத்தமில்லாம எழுப்பி விட்டுடு. போய்ச் சேர்ற எடத்துல பிளாட்பாரம் காலியா இருக்கா?"

"மூணாம் நம்பர் ஏழு இருவதுல இருந்து சும்மாத்தான் சார் கெடக்கு."

"அப்புறம் என்ன. ஜோலி முடிஞ்சுது."

"சனிக்கிழமை?"

அவரு பென்சில எடுத்துக் காது மடல சொறிஞ்சாரு. "வேற வண்டிய உதாரணம் காட்டு. வண்டிக்கா பஞ்சம்? நீ இதப் போய்ச் சொன்னேன்னு வெய்யி, ஒரு நத்தைய எழுப்பத் தெரியல, உங்களுக்கு எதுக்குய்யா மணிக்கு முந்நூறு கிலோமீட்டர்னு எவனாவது எந்திரிச்சுக் கேப்பான். கேக்கத்தான் செய்வான். எக்ஸ்பிரஸ் போயிட்டா பாசஞ்சர் தானா ஓடும்ங்கறதுதானே உன் பேச்சே? இங்க எக்ஸ்பிரஸ் போயிடுச்சு. பாசஞ்சர் ஓடுச்சா?"

மனுஷன் கோவமாக் கூடச் சொல்லல. அதான் சுருக்குனு தச்சுது. இவ்ளோ நாளு பாத்துப் பாத்துக் கட்டுன வாதத்த, எதிர்க் கட்சிக்காரங்க யாரும் இல்லாமலே, அவளோட படமே பொய்யாக்கிட்டு நிக்குது. பச்சைக் கோடு வேணும்னா இந்த நீலத்தப் பத்தி வாயத் தெறக்கக் கூடாது. தெறந்தா இந்த ஊரு ‘வேணாம்’னு எழுதி அனுப்பிடும். இங்க ஸ்டேஷன் இல்லன்னா பாதையே வேற பக்கம் திரும்பிடும்னு பேச்சு அடிபடுது. தாளச் சுருட்டுறப்போ கை பட்டுப் பென்சில் தடம் லேசா ஈஷிக்கிச்சு.

சாயந்திரம் அம்மா வந்தா. வீட்ல ரெண்டே பேரு, கதவத் தெறந்தாலே தெரிஞ்சுடும், பிளீச்சிங் பவுடர் வாசம் மொதல்ல உள்ள வரும், அம்மா அப்புறம் வருவா. பெரிய ஆஸ்பத்திரியோட சலவைப் பிரிவுல வேலை. அங்க ஒரு வழக்கம் இருக்கு. காலையில மொதல்ல வர்றவங்க பிடிச்ச மேசைய எடுத்துக்கலாம். தலகாணி உறை, போர்வை, டாக்டருங்க கோட்டு, எல்லாம் சொகமான துணி. கடைசியா வர்றவங்களுக்கு ஆப்பரேஷன் தியேட்டர் மூட்டை. காஞ்சு போன ரத்தம், மருந்துக் கறை, உள்ள ஊசி கீசி கெடக்குதான்னு ஒவ்வொரு மடிப்பா ஒதறணும். நத்தை ஏழு அம்பத்திரெண்டுக்குப் போய்ச் சேரும். ஏழு நாப்பத்தஞ்சு பஸ் போயிருக்கும். அடுத்த பஸ் பிடிச்சுப் போறப்போ மணி எட்டு நாப்பது, எட்டரைக்கே மேசையெல்லாம் எடுத்தாச்சு. எட்டு வருஷமா மூட்டை அம்மாவுக்குத்தான். மொத ஆறு வருஷம் எக்ஸ்பிரஸ்ஸுக்காக. கடைசி ரெண்டு வருஷம் எதுக்காகவும் இல்ல. கோடு அந்தக் கணக்கத் தலைக்குள்ள போட்டுப் பாத்துட்டு, அம்மா கைய மட்டும் பாக்காம உக்காந்திருந்தா.

"ஏண்டி, உன் ராக்கெட்டுக்குப் பெட்ரோல் ஊத்தியாச்சா?"

"அது கரண்ட்ல ஓடும்மா."

"ஓடட்டும், ஓடட்டும். சனிக்கிழமை நானும் வர்றேன், உங்க கூட்டத்துக்கு."

"கை தட்டவா?"

"ஆச தான். எதிர்த்துப் பேச. மூணாவது பெட்டிக்காரங்க எல்லாரும் சேந்து என்னைத்தான் அனுப்புறாங்க. டைலர் ஒருத்தர் வருவாருன்னு சொல்வேன்ல, அவரு சொல்றாரு, அக்கா உங்க வாய்க்கு மைக்கே வேணாம், ஆனா குடுப்பாங்க, பிடிச்சா விட்டுடாதீங்கன்னு." அம்மா முகம் கழுவிட்டு வந்து எதுக்க உக்காந்தா. பையில இருந்து கசங்குன தாள் ஒண்ண எடுத்தா. "கேக்க வேண்டியத யோசிச்சு வெச்சுட்டேன். என் எழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கும். நீ அழகா எழுதிக் குடு. எங்க வண்டி நாலாவது ஸ்டேஷன்ல தெனம் பத்தொம்பது நிமிஷம் நிக்குது. அது யாருக்காக நிக்குது? ஒருத்தருக்கும் தெரியல. அதச் சொல்லிட்டு அப்புறம் புது வண்டி விடுங்க. இவ்ளோதான்."

கோடு எழுத ஆரம்பிச்சா. ‘யாருக்காக’ங்கற எடத்துல பேனா நின்னுபோச்சு.

"என்ன, மை தீந்துடுச்சா?"

"இல்லம்மா." எழுதி முடிச்சா. தப்பில்லாம, நேரா, ஸ்கேல் வெச்ச மாதிரி. இப்பவே சொல்லிடலாம்தான். சொன்னா அம்மா சனிக்கிழமை அத மைக்குல சொல்லுவா. சொல்லலன்னாலும் கேப்பா. எப்படிப் பாத்தாலும் முட்டுச் சந்துதான். மூணு வாரத்துல எழுப்பி விடத்தானே போறோம், எழுப்பிட்டா போதாதான்னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டா. மூணு தடவ சொல்லிப் பாத்தா. ஒரு தடவகூட ஒட்டல.

சனிக்கிழமை காலையில டவுன் ஹால் நெரம்பி வழிஞ்சுது. மடக்கு நாற்காலி பத்தாம ஜனங்க ஜன்னல் திண்டுல உக்காந்திருந்தாங்க. விசாரணை நடத்த வந்த அதிகாரி ஒரு நடுத்தர வயசுப் பொம்பளை, யாரு என்ன கத்துனாலும் முகம் மாறாம எழுதிக்கிட்டே இருந்தாங்க. வேணும்ங்கறவங்களும் வேணாம்ங்கறவங்களும் மாறி மாறிப் பேசுனாங்க. மாசத்துக்கு ஒரு தடவதான் புள்ளையப் பாக்க முடியுது, பதினோரு மணி நேரம் போக, பதினோரு மணி நேரம் வரன்னு ஒரு வெல்டர் சொன்னப்போ வேணாம்ங்கறவங்களும் தலையாட்டுனாங்க. என் வீட்டு வாசல்ல புதுப் பாதையோட தூண் வந்தா நான் எங்க போவேன்னு ஒருத்தர் கேட்டப்போ வேணும்ங்கறவங்களும் தலையாட்டுனாங்க. ஏழாவதா அம்மாவக் கூப்பிட்டாங்க. எட்டாவது சார்ட் ஆபீஸ்.

அம்மா மைக்கப் பிடிச்சா. "அம்மா, நான் ஆஸ்பத்திரித் துணி வெளுக்குறவ, காலைப் பாசஞ்சர்ல மூணாவது பெட்டிக்காரங்க சார்பா வந்திருக்கேன். நீங்க விடப் போற வண்டி என்ன வேகம்னு எனக்குத் தெரியாது. எங்க வண்டி வேகம் தெரியும். அதுல போறப்போ பட்டாம்பூச்சி எங்களத் தாண்டிப் போறத நானே பாத்திருக்கேன்." சிரிப்பு. "அது கூடப் பரவால்ல. ஓடுறப்போ மெதுவா ஓடட்டும். ஆனா நிக்குது பாருங்க..." தாளப் பிரிச்சு, மக எழுதுன எழுத்த மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா வாசிச்சா. "யாருக்காக நிக்குது? இதுக்குப் பதில் சொல்லத் தெரிஞ்சவங்க யாராவது இந்த ஹால்ல இருக்காங்களா?"

அதிகாரி முதல் தடவையா எழுதுறத நிறுத்துனாங்க. "சார்ட் ஆபீஸ்தான் அடுத்து. பதில் சொல்லுங்களேன்."

ரப்பர் சார் பக்கத்துல இருந்து வாய் அசையாம சொன்னாரு, "சரிபாத்துச் சொல்றோம்னு சொல்லும்மா." பொய்யில்ல அது. ஆபீஸ்ல தெனம் பத்து தடவ சொல்றதுதான். கோடு சுருட்டுன தாளோட எந்திரிச்சா. அம்மா மைக்க விடாம நின்னா, டைலர் சொன்னது சரிதான். தாளப் பிடிச்சிருந்த அம்மா வெரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சு வெள்ளையா இருந்துச்சு. பக்கத்துல நின்னு பாத்தா அந்த வெள்ளை நல்லாத் தெரிஞ்சுது.

"யாருக்காகவும் இல்ல"ன்னா கோடு.

ஒரு நொடி யாருக்கும் புரியல. அவ தாளப் பிரிச்சு மேசையில போட்டு, வெரலால காட்டி, எக்ஸ்பிரஸ் நகந்தது, நகலெடுத்தது, நீலம் படுத்தபடி கெடந்தது, எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொன்னா. ஜன்னல் திண்டுல யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. அது பரவுச்சு. அப்புறம் சிரிப்பு அப்படியே கோவமா மாறுச்சு. பின்னால இருந்து ஒரு குரல், "இவங்க கையிலதான் ராக்கெட்டக் குடுக்கப் போறீங்களா?" ரப்பர் சார் கண்ண மூடிக்கிட்டாரு.

அம்மா சிரிக்கல, கத்தவும் இல்ல. மைக்குல, கொஞ்சம் தணிஞ்ச குரல்ல கேட்டா. "நகலெடுத்தது யாரு?"

"நான்தாம்மா."

அந்த ‘அம்மா’ வேற மாதிரி அம்மான்னு ஹாலுக்குப் புரிய ரெண்டு நொடி ஆச்சு.

கோடு இன்னும் நின்னுக்கிட்டுதான் இருந்தா. தயார் பண்ணிட்டு வந்த பேச்சு ஒரு வரிகூட இப்ப உதவாது. "நான் ஒண்ணு சொல்றேன். எக்ஸ்பிரஸ் போயிட்டா மத்த வண்டியெல்லாம் தானா ஓடும்னு சொல்லத்தான் வந்தேன். அது பாதிதான் சரி. பாதை காலியாத்தான் ஆச்சு, ஆனா எழுப்பி விட ஆள் இல்ல. அதனால புது வண்டி வேணாம்னு சொல்ல மாட்டேன். எனக்கு அது வேணும். அந்த வெல்டருக்கு வேணும். ஆனா புதுப் பாதை தெறக்குற அன்னிக்குப் பழைய பாதையோட டைம்டேபிள வெத்துத் தாள்ல இருந்து போடணும். நகல் எடுக்கக் கூடாது. போடுறப்போ அந்த வண்டியில போறவங்க பக்கத்துல உக்காரணும். சட்டத்துலயே இத எழுதணும். இதச் சேத்து எழுதுங்க மேடம்."

அதிகாரி எழுதுனாங்க. எழுதிட்டு அம்மாவப் பாத்தாங்க. "அப்படிச் செஞ்சா உங்க பெட்டிக்குச் சம்மதமா?"

அம்மா நல்லா யோசிச்சா. "பெட்டியில கேட்டுத்தான் சொல்ல முடியும். நான் ஒருத்தியா சொல்லிட்டா திங்கக்கெழம எனக்கு சீட் கெடைக்காது." அப்புறம் போனாப் போகுதுன்னு சேத்துக்கிட்டா, "வேணாம்னு எழுதிடாதீங்க. யோசிக்கிறாங்கன்னு எழுதுங்க."

வீட்டுக்கு நடந்து வர்றப்போ தெரு முனை திரும்புற வரைக்கும் அம்மா நாலடி முன்னாலயே போனா. கோடுக்கு அடி வாங்குறதே தேவலாம்னு இருந்துச்சு.

"அன்னிக்கு எழுதிக் குடுக்குறப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் எழுதுனியா?"

"ம்."

அம்மா பத்தடி நடந்தா. "எழுத்து நல்லா இருந்துச்சு. மேடையில தடங்கலில்லாம வாசிக்க வந்துச்சு"ன்னா. அதுக்கப்புறம் கடையில சோப்பு வாங்கணும்னு ஞாபகம் வந்து திரும்பிட்டா.

மூணு வாரம் கழிச்சு, திருத்தம் அமலுக்கு வந்த திங்கக்கெழம, கோடு லீவு போட்டுட்டு அம்மா கூட நத்தையில ஏறுனா. ஊரோட கருத்து மேல போயாச்சு. பதில் ஒண்ணும் வரல. மூணாவது பெட்டியில அதப் பத்தி இன்னும் சண்டை ஓடுது, ஓட்டெடுப்பு நடத்தி ரெண்டு தடவ சமமா வந்துடுச்சாம். டைலர் இவளப் பாத்ததும் எடம் ஒதுங்கிக் குடுத்துட்டு, "வாங்க எழுப்புறவங்களே"ன்னாரு. ஸ்டேஷன்ல நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க, எட்டுப் பெட்டியிலயும் ஒருத்தர்கூடப் படிச்ச மாதிரி தெரியல. நாலாவது ஸ்டேஷன் வந்துச்சு. வழக்கம்போல எல்லாரும் எறங்குனாங்க, சோம்பல் முறிச்சாங்க, ஒருத்தர் சட்டையக் கழட்டி ஒதறிக் குழாயடிக்குப் போனாரு. ஒரு நிமிஷம்தான். கார்டு விசில் அடிச்சாரு. அது வேற யாருக்கோன்னு நெனச்சு யாருமே அசையல. வண்டி நகந்துச்சு. அவ்ளோதான், பிளாட்பாரமே கூச்சல் போட்டுக்கிட்டு ஓடுது! மூஞ்சியில சோப்பு நொரையோட ஒருத்தர், ஒத்தக் கால் செருப்போட டைலர், பிடிச்சு இழுக்குற கை, தள்ளி விடுற கை. கடைசியா ஏறுன அம்மாவத் தூக்கிப் போட்டப்போ அவ சிரிச்ச சிரிப்புல மூச்சு முட்டிப் போச்சு. "ஏண்டி, எழுப்புறதுன்னா இப்படியா எழுப்புவ? தண்ணி தெளிச்சு எழுப்புற மாதிரி!"

டைலரோட செருப்பு பிளாட்பாரத்துலயே கெடந்துச்சு. அவரு அதப் பத்திக் கவலைப்பட்ட மாதிரி இல்ல, ஜன்னல்ல தலைய நீட்டி, ஓடுற வண்டிக்கு நேரம் பாத்துக்கிட்டு இருந்தாரு. "ஆறு முப்பத்தி மூணு! அக்கா, ஏழு நாப்பத்தஞ்சு பஸ்ஸ நான் கண்ணால பாத்ததே இல்ல, என்ன கலரு அது?" அம்மாவுக்கும் தெரியல. மொதல்ல போனா எந்த மேசைய எடுக்குறதுன்னு பக்கத்துல இருக்குறவங்க கிட்ட யோசனை கேட்டுக்கிட்டு வந்தா. ஆளுக்கொண்ணு சொன்னாங்க.

ஸ்டேஷன் தாண்டுனதும் வெட்டவெளி. பாதைக்குக் கொஞ்சம் தள்ளி, மூணு கால் ஸ்டாண்டு மேல கருவி வெச்சு ஒருத்தன் ஒத்தக் கண்ண மூடிப் பாத்துக்கிட்டு இருந்தான். எதுக்க தூரத்துல ஒரு பொண்ணு, சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கம்ப நேரா நிக்க வெச்சுப் பிடிச்சிருந்தா. இந்த நேரத்துல வண்டி வரும்னு அவங்க எதிர்பாக்கல போல. கருவிக்காரன் நிமிந்து வண்டியப் பாத்தான், வாட்ச்சப் பாத்தான், மறுபடி வண்டியப் பாத்தான்.

"உங்க ஆளுங்களாடி?"

"பாதை அளக்குறவங்கம்மா. போடுறாங்களோ இல்லியோ, அளந்து வெக்கிறாங்க."

அம்மா கம்பிக்கு வெளிய கைய முழுசா நீட்டி ஆட்டுனா. பாத்துட்டு மூணாவது பெட்டியே ஜன்னலுக்கு வந்து ஆட்டுச்சு. கம்பப் பிடிச்சிருந்த பொண்ணுக்கு ரெண்டு கையும் விட முடியாது, விட்டா அளவு போயிடும். ஒரு நிமிஷம் முழிச்சுப் பாத்தா. அப்புறம் கம்பு இம்மி அசையாம, வலது காலத் தூக்கி, அத ஆட்டுனா.